கேட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர்: உப்புக் காற்றில் பழுதாகும் ஆட்டோமேட்டிக் கேட்டைச் சரி செய்வது எப்படி?

கம்ப்யூட்டர் என்றதும் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஆகியவைதான் நம் கண் முன்னால் வரும். இவை எதுவும் இல்லாத கம்ப்யூட்டர்களும் நம் வீடுகளில் இருக்கின்றன. வாஷிங் மெஷினுக்குள் ஒன்று, மைக்ரோவேவ் அடுப்புக்குள் ஒன்று, ரிமோட்டை அழுத்தினால் தானாகத் திறக்கும் கேட்டுக்குள் ஒன்று. இவற்றில் கேட்டுக்குள் இருப்பதுதான் பாவம். மற்ற இரண்டும் கூரைக்குக் கீழே சுகமாக இருக்க, இது மட்டும் வெயிலிலும் மழையிலும் தெருவைப் பார்த்து நிற்கிறது.

நான் கோடம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். கூடவே ஆட்டோமேட்டிக் கேட் வேலையும் உண்டு. கோடம்பாக்கம், மாம்பலம் பக்கத்து வீடுகளில் பொருத்திய கேட் மோட்டார்களைப் பல வருடங்கள் நான் எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே வருவதில்லை. அதே கம்பெனி, அதே மாடல், எண்ணூர் அல்லது திருவொற்றியூர் பக்கம் ஒரு குடோனில் பொருத்தினால் இரண்டாவது மழைக்காலத்திலேயே போன் வந்து விடுகிறது. "போர்டு போயிடுச்சு சார், வேற போர்டு போடணுமாம்" என்பார்கள். பல நேரங்களில் போர்டு போயிருக்காது. அதன் மேல் ஒரு படலம் படிந்திருக்கும், அவ்வளவுதான். அந்தப் படலம் எப்படி வருகிறது, எப்படி நீக்குவது, திரும்ப வராமல் எப்படித் தடுப்பது என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இதில் என்ன பயன் என்று கேட்கிறீர்களா? உங்கள் மதர்போர்டும் கேட் போர்டும் ஒரே சாதிதான். ஒன்றுக்கு வரும் நோய் இன்னொன்றுக்கும் வரும்.

எண்ணூர்க் காற்றில் என்ன இருக்கிறது?

கோடம்பாக்கத்தில் இருந்து மெரினா கடற்கரை சுமார் 6 கிலோமீட்டர். அலை உடையும்போது தெறிக்கும் உப்புத் துளிகளில் பெரும்பகுதி கரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்து விடும். கடலை விட்டுத் தள்ளிப் போகப் போக அது வேகமாகக் குறையும். எனவே கோடம்பாக்கத்துக்கு வந்து சேருவது கொஞ்சம்தான். பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம், திருவான்மியூர் கடற்கரைத் தெருக்களில் கதை வேறு. ஜன்னல் கம்பியைத் தொட்டாலே கையில் துரு ஒட்டும்.

வடசென்னையில் இந்த உப்போடு இன்னொன்றும் சேருகிறது. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969ல் இயங்கத் தொடங்கியது. அதைச் சுற்றி உரத் தொழிற்சாலையும் பெட்ரோ கெமிக்கல் ஆலைகளும் வந்தன. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970ல் உற்பத்தியைத் தொடங்கி 2017ல் மூடப்பட்டது. பக்கத்தில் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் இயங்கி வருகிறது. எண்ணூர்த் துறைமுகம் 2001ல் திறக்கப்பட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரியும் இடங்களில் கந்தக வாயுக்கள் வருவது இயல்பு. ஆக, ஒரு பக்கம் கடல் உப்பு, மறுபக்கம் கந்தகம். இரண்டுக்கும் நடுவில் நம் கேட்.

உப்பு என்ன செய்யும்? சமையலறையில் இருக்கும் கல் உப்பு ஜாடியை நினைத்துப் பாருங்கள். கார்த்திகை மாத மழையில் ஜாடியின் அடியில் தண்ணீர் விட்டிருக்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. உப்பே காற்றில் இருந்து ஈரத்தை இழுத்துக் கொண்டது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் இப்படி நீர்க்கும். ஆனால் கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்குச் சுமார் 33 சதவீத ஈரப்பதமே போதும். சென்னையில் அவ்வளவு வறண்ட நாள் எது? அதனால்தான் மழை நின்று பத்து நாள் ஆகி, வெயில் கொளுத்தும்போதும் எண்ணூர் போர்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருந்து கொண்டே இருக்கும். உப்பு கரைந்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள்.

கந்தகத்தின் வேலை வேறு மாதிரி. அது செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு கறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான் போர்டில் இருக்கும் மெல்லிய செம்புத் தடங்களிலும் ரிலேயின் வெள்ளி முனைகளிலும் நடக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பாவில் விற்கும் பெரும்பாலான எலக்ட்ரானிக் பொருட்களில் ஈயம் பயன்படுத்தக் கட்டுப்பாடு வந்தது. பல போர்டுகளில் ஈயப் பூச்சுக்குப் பதில் மெல்லிய வெள்ளிப் பூச்சு வந்தது. பிறகு கந்தகம் உள்ள இடங்களில் வைத்த கம்ப்யூட்டர்களில் கறுப்புப் படலம் ஒரு தடத்தில் இருந்து பக்கத்துத் தடத்துக்கு ஊர்ந்து போய் ஷார்ட் ஆகத் தொடங்கியது. பெரிய கம்ப்யூட்டர் அறைகளில் காற்று எவ்வளவு மோசம் என்று அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு செம்புத் தகட்டை ஒரு மாதம் அங்கே வைத்து விட்டு, அதன் மேல் வளர்ந்த படலத்தை அளப்பார்கள். 30 நானோமீட்டருக்குள் இருந்தால் நல்ல காற்று. 200 நானோமீட்டரைத் தாண்டினால் அங்கே சாதாரணக் கருவிகளை வைக்கவே கூடாது. நான் தகடெல்லாம் வைப்பதில்லை. குடோன் வாசலில் உள்ள பித்தளைப் பூட்டைப் பார்ப்பேன். அதுவே பாதிக் கதையைச் சொல்லி விடும்.

அரிப்பைப் பற்றி ஆராய்வதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய நிறுவனம் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1948ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953ல் திறக்கப்பட்டது. மண்டபத்தில் கடலோரமாகவே இவர்களுக்கு ஒரு பரிசோதனை நிலையம் உண்டு. உலோகத் துண்டுகளை வெயிலிலும் உப்புக் காற்றிலும் வைத்து எவ்வளவு தேய்கிறது என்று பார்ப்பார்கள். பக்கத்திலேயே பழைய பாம்பன் ரயில் பாலம் 1914ல் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 6ல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் கப்பலுக்கு வழிவிடும் பகுதி மோட்டாரால் செங்குத்தாக மேலே எழும்புகிறது. ஒரு வகையில் அதுவும் கடலுக்குப் போட்ட ஆட்டோமேட்டிக் கேட்தான்! அதற்குத் துருப்பிடிக்காத கம்பிகளும் விசேஷ பெயின்டும் பயன்படுத்தி இருக்கிறார்கள். நம் வீட்டுக் கேட்டுக்கு அவ்வளவு செலவு செய்ய முடியாது. ஆனால் கொஞ்சம் கவனம் செலுத்த முடியும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நம் ஊரில் அதிகம் இருப்பது பக்கவாட்டில் ஓடும் ஸ்லைடிங் கேட். கேட்டின் அடியில் பல் வைத்த நீளமான பட்டை இருக்கும். மோட்டாரின் பல்சக்கரம் சுற்றும்போது இந்தப் பட்டையைத் தள்ளும், கேட் ஓடும். மோட்டார் பெட்டிக்குள்ளேயே கன்ட்ரோல் போர்டு இருக்கும். அதன் நடுவில் ஒரு மைக்ரோ கன்ட்ரோலர் சிப். இதுதான் கேட்டின் பிராசஸர். உங்கள் கீபோர்டும் மவுஸும் கம்ப்யூட்டருக்குத் தகவல் தருவது போல இதற்கும் தகவல் தரச் சில உறுப்புகள் இருக்கின்றன. ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர், சுவரில் உள்ள புஷ் பட்டன், கேட் முழுக்கத் திறந்தது அல்லது மூடியது என்று சொல்லும் லிமிட் சுவிட்ச், நடுவில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் போட்டோசெல். இவை சொல்வதைக் கேட்டு, சிப் ரிலேயை இயக்கும். ரிலே மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும்.

இந்தப் படத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். கேட் ரிப்பேரில் முக்கால்வாசி, உள்ளே வரும் தகவல் பொய்யா, வெளியே போகும் கட்டளை தடைப்படுகிறதா என்று கண்டுபிடிப்பதுதான்.

கேட் தானாகத் திறக்கிறதா?

எர்ணாவூர்ப் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேன் சொன்னார்: "சார், மழை பெய்ஞ்சா ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா தொறந்துக்குது. எனக்கே பயமா இருக்கு." முதலாளிக்கு யார் மேலோ சந்தேகம். ரிமோட்டைக் காப்பி அடித்து விட்டார்கள் என்று நினைத்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போன டிரைவரின் பெயரும் அடிபட்டது. வாட்ச்மேன் வேலைக்கும் ஆபத்து வரும் போல இருந்தது.

நடந்தது இதுதான். புஷ் பட்டன் வயர் வந்து சேரும் இரண்டு திருகுகளுக்கு நடுவில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பட்டனை அழுத்தினால் இந்த இரண்டு முனைகளும் சேரும், சிப் அதைக் கட்டளையாக எடுத்துக் கொள்ளும். ஈரமான களிம்பும் அதே வேலையைச் செய்து விட்டது. கீபோர்டில் டீ சிந்தினால் ஒரே எழுத்து தானாக அடித்துக் கொண்டே போகும் அல்லவா? அதே கதைதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பல போர்டுகளில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஒரு சின்ன எல்.இ.டி விளக்கு இருக்கும். பட்டனை அழுத்தாத போதும் பட்டனுக்கான விளக்கு மினுக்கினால் பொய்த் தகவல் வருகிறது என்று பொருள். மெயின் மின்சாரத்தை நிறுத்தி விட்டு அந்த வயர்களை மட்டும் கழற்றுங்கள். திரும்ப மின்சாரம் கொடுத்த பிறகு மினுக்கல் நின்றால் கோளாறு வயரிலோ பட்டனிலோ இருக்கிறது. நிற்கவில்லையா? போர்டின் மேலேயே களிம்பு இருக்கிறது. போர்டைக் கழுவியதும் அந்த கேட் ராத்திரியில் திறப்பது நின்றது. வாட்ச்மேன் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

மற்ற கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். ரிமோட் பக்கத்தில் வந்தால்தான் வேலை செய்கிறது என்றால் முதலில் ரிமோட் பேட்டரியை மாற்றுங்கள். பிறகு ரிசீவரின் ஆன்டெனா வயரைப் பாருங்கள். அடியில் கறுத்து முறிந்திருக்கலாம். 433.92 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் என்றால் சுமார் 17 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சாதாரண வயரை வெட்டி அதே இடத்தில் பற்ற வைத்தால் போதும்; புது ரிசீவர் வாங்க வேண்டாம். மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் கெபாசிட்டர் பலவீனமாகி இருக்கும் அல்லது அதன் முனை துருப்பிடித்திருக்கும். டிக் டிக் என்று ரிலே சத்தம் கேட்டும் மோட்டார் அசையவில்லை என்றால் ரிலே முனை கறுத்திருக்கும். ரிலேயை மாற்றி விடுங்கள், உரசிச் சுத்தம் செய்வது நிலைக்காது. கேட் கடைசி வரை போய் இடித்து நிற்கிறது என்றால் லிமிட் சுவிட்ச். ஸ்பிரிங் வைத்த லிமிட் சுவிட்சை விட, கண்ணாடிக் குழலுக்குள் மூடப்பட்ட காந்த வகை சுவிட்ச் கடலோரத்தில் அதிக நாள் உழைக்கிறது என்பது என் அனுபவம்.

ஒன்றை மறக்காதீர்கள். பெட்டியைத் திறக்கும் முன் மோட்டாரை விடுவிக்கும் சாவியைத் திருப்பி, கேட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஒரு ஆள் தள்ளி ஓடவில்லை என்றால் கோளாறு எலக்ட்ரானிக்ஸில் இல்லை. அடிச் சக்கரத்தின் பேரிங் துருப்பிடித்து இறுகி இருக்கிறது. இறுகிய சக்கரத்தோடு புது மோட்டார் போட்டால் அதுவும் எரியும். இந்தச் சாவித் துவாரத்துக்கு மாதம் ஒரு முறை ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்து பல நாள் மின்சாரம் இல்லாதபோது, சாவி திரும்பாமல் காரை வெளியே எடுக்க முடியாமல் தவித்தவர்கள் நிறையப் பேர்.

போர்டைக் கழுவலாமா?

தாராளமாகக் கழுவலாம், முறையாகச் செய்தால்! ஆனால் 230 வோல்ட் மின்சாரம் ஓடும் இடம் இது. மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பெட்டியின் சுவிட்ச் மட்டும் போதாது. பேட்டரி இருந்தால் அதையும் கழற்றுங்கள். கெபாசிட்டரில் மின்சாரம் தங்கி இருக்கும். ஹோல்டரில் மாட்டிய ஒரு சாதாரண குண்டு பல்பின் இரண்டு வயர்களையும் கெபாசிட்டரின் இரண்டு முனைகளில் தொட வைத்தால் அது வெளியேறி விடும். இந்த இடத்தில் கை நடுங்குகிறதா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வயர்களைக் கழற்றும் முன் செல்போனில் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். கழற்றிய பின் முதல் வேலை, பார்ப்பது. பச்சையாக இருந்தால் செம்பு அரித்திருக்கிறது. கறுப்பாக இருந்தால் கந்தகத்தின் வேலை. வெள்ளைப் பொடி இருந்தால் துத்தநாகமோ அலுமினியமோ அரித்திருக்கிறது. எறும்புக் கூடு, பல்லி முட்டை எல்லாம் தனிக் கணக்கு! செத்த பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவில் கிடந்து பியூஸ் போனதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் எடுத்த எடுப்பில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றித் தேய்ப்பார்கள். போர்டு பளபளவென்று ஆகும். ஒரு மாதத்தில் கோளாறு திரும்ப வரும். ஏன் தெரியுமா? உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எனவே முதலில் டிஸ்டில்டு வாட்டர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அதுதான். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கிறது. பழைய மென்மையான டூத் பிரஷ்ஷால் இரண்டு மூன்று முறை புதுத் தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். அதன் பிறகு ஆல்கஹால். இது இடுக்கில் தங்கிய தண்ணீரை வெளியேற்றி விடும். ரிச்சி தெருவில் கிடைக்கும். தீப்பற்றக் கூடியது என்பதால் காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்யுங்கள். மூடி இல்லாத ரிலே, டிரான்ஸ்பார்மர், பஸ்ஸர் மேல் தண்ணீர் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்க மின்விசிறிக் காற்றில் காய விடுங்கள். அவசரப்பட்டு அன்றைக்கே மின்சாரம் கொடுப்பவர்களால்தான் ‘கழுவினால் போர்டு போய் விடும்’ என்ற பெயர் வந்தது.

காய்ந்த பிறகு மல்டிமீட்டரை ‘பீப்’ சத்தம் வரும் இடத்தில் வைத்து, களிம்பு இருந்த தடங்களின் இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். சத்தம் வராத தடம் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. அதன் மேல் மெல்லிய வயரைப் பாலம் போல் வைத்துப் பற்ற வைத்தால் போர்டு பிழைத்துக் கொள்ளும். சிப்பின் கால்களே அரித்துப் போயிருந்தால் மட்டும் புதுப் போர்டுதான் வழி.

வயர்களையும் விட்டு விடாதீர்கள். முனையில் இரண்டு அங்குலம் வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டுங்கள். கறுத்த வயரை அப்படியே முறுக்கி மாட்டினால் அந்த இடம் சூடாகி உருகும். புது வயர் போடுவதாக இருந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கேட்டு வாங்குங்கள். படகுகளில் பயன்படுத்துவது அதைத்தான்.

போட்டோசெல்லோடு விளையாடாதீர்கள்

இந்தப் பகுதிக்காகவே இந்தக் கட்டுரையை எழுத ஆசைப்பட்டேன். கேட்டின் இரு பக்கமும் சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பும், மற்றது வாங்கும். நடுவில் குழந்தையோ நாயோ காரோ வந்து ஒளி தடைப்பட்டால் மூடிக் கொண்டிருக்கும் கேட் நின்று திரும்பத் திறக்கும். கடலோரத்தில் இதன் லென்ஸ் மேல் உப்புப் படியும், உள்ளே வயர் முனை அரிக்கும். ஒளி போய்ச் சேராது. ஆள் நிற்பதாக நினைத்துக் கொண்டு கேட் மூடவே மறுக்கும். வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றேதான் இப்படிச் செய்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் மூடாதே என்பது அதன் விதி.

இங்கேதான் ஒரு கெட்ட பழக்கம் வருகிறது. அவசரத்துக்கு வரும் ஆள், போர்டில் போட்டோசெல் முனைகள் இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்து விட்டுப் போய் விடுவார். சிப்புக்கு எப்போதும் ‘வழியில் யாரும் இல்லை’ என்றே தகவல் போகும். கேட் அழகாக மூடும். வீட்டுக்காரரும் சந்தோஷமாகப் பணம் கொடுப்பார். 400, 500 கிலோ எடையுள்ள இரும்பு, கண் இல்லாமல் ஓடிக் கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. நான் வேலைக்குப் போகிற இடங்களில் பெட்டியைத் திறந்தவுடன் முதலில் தேடுவது இந்தத் துண்டு வயரைத்தான். வடசென்னையில் மட்டும் அல்ல, நல்ல வசதியான அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பார்த்திருக்கிறேன், பக்கத்திலேயே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக் கொண்டிருக்கும் இடங்களில்!

அமெரிக்காவில் தானாக மூடும் கராஜ் கதவுகளில் குழந்தைகள் சிக்கி இறந்ததைத் தொடர்ந்து 1990ல் சட்டம் கொண்டு வந்தார்கள். 1993 ஜனவரி 1க்குப் பிறகு தயாராகும் வீட்டு உபயோகக் கருவிகளில் ஆள் சிக்காமல் தடுக்கும் பாதுகாப்பு கட்டாயம். நம் வீட்டில் அதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். கேட் மூடிக் கொண்டிருக்கும்போது, ஓரமாகப் பத்திரமாக நின்று கொண்டு, ஒரு துடைப்பக் குச்சியைப் போட்டோசெல்லுக்கு நடுவில் நீட்டுங்கள். கேட் உடனே நின்று திரும்ப வேண்டும். திரும்பவில்லையா? அன்றைக்கே ரிமோட்டை எடுத்து உள்ளே வைத்து விட்டு, கேட்டைக் கையால் தள்ளுங்கள்.

போட்டோசெல்லைச் சரி செய்வது அப்படி ஒன்றும் கஷ்டம் இல்லை. பாதிக்கு மேல் ஈரத் துணியால் லென்ஸைத் துடைத்தாலே சரியாகி விடும். மற்றவற்றுக்கு முனையைச் சுத்தம் செய்து நேராகப் பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டும். அதுவும் ஆகவில்லை என்றால் புது ஜோடி வாங்குங்கள். கன்ட்ரோல் போர்டின் விலையோடு பார்த்தால் அது பெரிய செலவு அல்ல.

திரும்ப வராமல் இருக்க

சுத்தம் செய்த போர்டின் மேல் அக்ரிலிக் கோட்டிங் ஸ்பிரே அடிப்பது நல்லது. கனெக்டர், பியூஸ், சின்ன சுவிட்சுகள், திருப்பும் கன்ட்ரோல் இவற்றின் மேல் டேப் ஒட்டி விட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் அவை வேலை செய்யாது. உப்பு இருக்கும்போதே மேலே கோட்டிங் அடித்தால், நோயை உள்ளே வைத்துத் தைத்தது போல் ஆகி விடும். திருகு முனைகளில் கொஞ்சம் வாசலின் தடவலாம். டபிள்யூ.டி.40 அடித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அது தண்ணீரை விரட்ட நல்லது, ஆனால் மாதக் கணக்கில் காவல் காக்காது.

பெட்டியின் ஓட்டைகளை அடைக்க சிலிக்கான் பேஸ்ட் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். வினிகர் வாசனை அடித்தால் வேண்டாம். அது காயும்போது வரும் அசிட்டிக் அமிலமே செம்பை அரிக்கும். ‘நியூட்ரல்’ என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இன்னொரு விஷயம், பெட்டியை முழுக்க அடைத்து விடாதீர்கள். பகலில் சூடாகி விரியும் காற்று இரவில் குளிர்ந்து சுருங்கும்போது எந்தச் சந்து வழியாகவாவது ஈரக் காற்றை உறிஞ்சும். உள்ளே போன தண்ணீர் வெளியேற அடியில் ஒரு சின்னத் துவாரம் வேண்டும், எறும்பு நுழையாதபடி வலை வைத்து. வயர்கள் கீழிருந்துதான் பெட்டிக்குள் நுழைய வேண்டும். மேலிருந்து வந்தால் மழைத் தண்ணீர் வயரைப் பிடித்துக் கொண்டே உள்ளே இறங்கும். ஐபி55 என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் தூசிக்கும் தண்ணீர்த் தெறிப்புக்கும் தாங்கும் என்று பொருள். கந்தக வாயுவைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை.

உங்கள் கம்ப்யூட்டருக்கு

கடலோரத்தில் குடியிருப்பவர்கள் கம்ப்யூட்டரைக் கிழக்குப் பார்த்த ஜன்னல் அருகில் வைக்க வேண்டாம். கேபினெட்டின் விசிறி அந்தக் காற்றை இழுத்து நேராக மதர்போர்டின் மேல் வீசும். மழைக்காலத்தில் தினமும் அரை மணி நேரமாவது கம்ப்யூட்டரை இயக்குங்கள். சூடான போர்டின் மேல் ஈரம் தங்காது. மாதக் கணக்கில் அணைத்து வைத்த கம்ப்யூட்டர்தான் அதிகம் அரிக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பி வந்து ஆன் செய்ததும் பீப் பீப் என்று கத்தினால் பயப்பட வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி, ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பை மென்மையான பென்சில் ரப்பரால் லேசாகத் துடைத்து, துகளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டி விட்டு மாட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சிலும் போய் ஒட்டும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதில் உள்ள கெபாசிட்டர்கள் கேட் மோட்டாரில் இருப்பவற்றை விட ஆபத்தானவை.